தொடர்கள் இல்லாமல் வகைக்கெழுச் சமன்பாடுகளைப் படிக்க முடியுமா?

பல்கலைக்கழகத்தின் இரண்டாம் ஆண்டில் வகைக்கெழுச் சமன்பாடுகளும் முடிவிலாத் தொடர்களும் ஒரே பாடமாக வைக்கப்பட்டிருப்பது ஏன், பொறியியல் மாணவர் தொடர்களைத் தேர்வுக்கு மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிடலாமா, கணினியே சமன்பாட்டைத் தீர்த்துத் தரும்போது, தொடரின் கூட்டுத்தொகை ஒரு முடிவுறு மதிப்பை நெருங்குகிறதா என்று பார்க்கும் குவிவுச் சோதனைகளால் என்ன பயன், இயற்பியல் மாணவருக்கும் இதே பாடத்திட்டம் பொருந்துமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடந்துவிட முடியாது என்பதுதான் என் பதில். இயற்பியல் மாணவரால் நிச்சயமாக முடியாது. ஆனால் உங்கள் ஐயத்தில் நியாயம் இருக்கிறது. பெரும்பாலான வகுப்புகளில் முதற்பாதி சமன்பாட்டு வகைகளின் பட்டியலாகவும், பிற்பாதி குவிவுச் சோதனைகளின் பட்டியலாகவும் நடத்தப்படுகின்றன. இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்பது பருவத்தின் கடைசி இரண்டு வாரங்களில் அவசரமாகச் சொல்லப்படுகிறது அல்லது சொல்லப்படாமலே போகிறது. அந்தச் சந்திப்பை முதலிலேயே தெரிந்துகொண்டு பாடத்தைத் தொடங்குவது நல்லது என்பதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

ஒரு நேரியல் வகைக்கெழுச் சமன்பாட்டில் ஒய்யையும் அதன் வகைக்கெழுக்களையும் பெருக்கி நிற்கும் கெழுக்களை மட்டும் பார்த்தே, அதைத் தீர்ப்பதற்கு முன்னரே, அதன் தீர்வு எந்த இடத்தில் ஒழுங்காக இருக்கும், எங்கே உடையக்கூடும், எத்தகைய தொடராக எழுத முடியும், அத்தொடர் எவ்வளவு தூரம் செல்லும் என்பவற்றைச் சொல்லிவிடலாம். இப்பாடத்தில் கற்க வேண்டிய திறன் இதுதான். தீர்க்கும் உத்திகள் அனைத்தும் இதற்குப் பின்னால் வருபவை. குவிவு பற்றிய அறிவு இல்லாமல் சமன்பாட்டை இப்படி வாசிக்க முடியாது.

முதற்பாதியிலேயே தொடர்கள் ஒளிந்திருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். தனிஊசலின் உண்மையான சமன்பாட்டில் கோணத்தின் சைன் மதிப்பு வருகிறது. அது நேரியல் சமன்பாடு அன்று. "கோணம் சிறியது" என்று சொல்லி சைனுக்குப் பதிலாகக் கோணத்தையே எழுதும்போது நாம் செய்வது, சைனின் தொடரில் முதல் உறுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுவதுதான். விட்டதனால் நேர்ந்த பிழை எவ்வளவு என்று கேட்டால் அதற்கும் தொடர்தான் விடை தருகிறது. வீச்சுக் கோணத்தை ரேடியனில் எடுத்து, அதன் இருபடியை 16ஆல் வகுத்து 1உடன் கூட்டினால், எளிய சூத்திரம் தரும் அலைவுக்காலத்தை எத்தனை மடங்காக்க வேண்டும் என்பது முதல் தோராயமாகக் கிடைக்கும். 10 பாகை வீச்சில் பிழை ஏறத்தாழ 0.19 விழுக்காடு, 30 பாகையில் அது 1.7 விழுக்காட்டைத் தாண்டுகிறது. பொறியியலில் நீங்கள் எழுதப்போகும் நேரியல் சமன்பாடுகளில் பெரும்பகுதி இப்படி ஒரு தொடரை வெட்டியதால் பிறந்தவையே. எங்கே வெட்டலாம் என்பதை அறியாதவர் அந்தச் சமன்பாட்டை எங்கே நம்பலாம் என்பதையும் அறியமாட்டார்.

மாறிலிக் கெழுக்கள் கொண்ட இரண்டாம் வரிசைச் சமன்பாடு இப்பாடத்தின் முதுகெலும்பு. சுருள்வில்லில் தொங்கும் நிறைக்கும், மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி மூன்றும் தொடராக இணைந்த சுற்றுக்கும் ஒரே சமன்பாடுதான். நிறையின் இடத்தில் மின்தூண்டல் எண், உராய்வின் இடத்தில் மின்தடை, வில் மாறிலியின் இடத்தில் மின்தேக்குத்திறனின் தலைகீழி ஆகியவை வருகின்றன. அடுக்குக்குறிச் சார்பை வகையிட்டால் அதன் மடங்கே கிடைக்கும் என்பதால், அச்சார்பைச் சமன்பாட்டில் இட்டவுடன் நுண்கணிதம் மறைந்து ஓர் இருபடிச் சமன்பாடு எஞ்சுகிறது. அதன் மூலங்கள் வெவ்வேறு மெய்யெண்களாக இருந்தால் அலைவின்றித் தேய்வு, கலப்பெண்களாக இருந்தால் அலைந்துகொண்டே தேய்வு, இரண்டும் ஒன்றாகிவிட்டால் இவற்றுக்கு இடைப்பட்ட எல்லைநிலை. இந்த மூன்றையும் மனப்பாடம் செய்வதைவிட, மூன்றாவதில் ஏன் திடீரென்று நேரத்தால் பெருக்கப்பட்ட ஓர் உறுப்பு முளைக்கிறது என்று யோசிப்பது பயன் தரும். மிக அருகருகே உள்ள இரண்டு மூலங்களுக்கான தீர்வுகளைக் கழித்து, மூலங்களின் இடைவெளியால் வகுத்து, இடைவெளியைச் சுழியை நோக்கிக் கொண்டுசென்றால் கிடைப்பது மூலத்தைப் பொறுத்த வகைக்கெழு. நேரம் என்ற காரணி அங்கிருந்துதான் வருகிறது. இதை நினைவில் வையுங்கள், பின்னர் இதே நிகழ்வு வேறு உடையில் வரும்.

புறவிசை சேர்ந்தால் ஒத்ததிர்வு வருகிறது. தடையே இல்லாத அமைப்பை அதன் இயல்பு அதிர்வெண்ணிலேயே உந்தினால் வீச்சு நேரத்துடன் நேர்விகிதத்தில் வளர்கிறது. விசையின் அதிர்வெண்ணும் அமைப்பின் அதிர்வெண்ணும் ஒன்றாகிவிட்டதால் இங்கும் இரண்டு மூலங்கள் இணைந்துவிட்டன, ஆகவே இங்கும் நேரம் காரணியாக வருகிறது. இந்த இடத்தில் பல பாடநூல்கள் 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இடிந்து விழுந்த டகோமா நேரோஸ் பாலத்தை எடுத்துக்காட்டாகக் காட்டுகின்றன. அது பொருத்தமான எடுத்துக்காட்டு அன்று. அன்று வீசிய காற்று சீரான கால இடைவெளியில் தட்டிய புறவிசையாக இருக்கவில்லை. பாலம் முறுகியபோது அந்த முறுகலே காற்றோட்டத்தை மாற்றி, மாறிய காற்றோட்டம் முறுகலுக்கு மேலும் ஆற்றலை ஊட்டியது. சமன்பாட்டின் மொழியில் சொன்னால் காரணம் வலப்பக்கத்துப் புறவிசை அன்று, இடப்பக்கத்துத் தடைக் கெழுவின் குறி எதிர்மாறாக ஆகிவிட்டதே. இரண்டும் வீச்சை வளர்க்கும். ஆனால் ஒன்று நேர்கோடாக வளர்க்கும், மற்றது அடுக்குக்குறிச் சார்பாக வளர்க்கும். எந்த உறுப்பு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்ப்பது எழுத்து விளையாட்டு அன்று என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

நேரியல் அல்லாத சமன்பாடுகளைப் பற்றி இரண்டே செய்திகள் போதும். ஒய்′ = √ஒய் என்ற சமன்பாட்டுக்குச் சுழியில் தொடங்கும் தீர்வு ஒன்றல்ல: எப்போதும் சுழியாகவே இருப்பதும் தீர்வு, எக்ஸ்²/4 என்பதும் தீர்வு, சிறிது நேரம் சுழியாக இருந்துவிட்டுப் பிறகு பரவளையமாகக் கிளம்புவதும் தீர்வு. அடியில் துளையுள்ள தொட்டி காலியாவதற்கான டாரிசெல்லி விதி இதே வடிவம் கொண்டது என்பதால், காலியான தொட்டியைப் பார்த்து அது எப்போது நிறைந்திருந்தது என்று சொல்ல முடியாமற்போவது இயற்பியலாகவும் சரியாகவே அமைகிறது. அடுத்தது ஒய்′ = ஒய்². 1இல் தொடங்கினால் இதன் தீர்வு 1/(1 − எக்ஸ்). எக்ஸ் 1ஐ எட்டும்போது அது முடிவிலிக்குச் செல்கிறது. 2இல் தொடங்கினால் பாதித் தூரத்திலேயே செல்கிறது. சமன்பாட்டைப் பார்த்து 1 என்றோ 0.5 என்றோ யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உடையும் இடத்தைத் தொடக்க நிலைமை தீர்மானிக்கிறது. நேரியல் சமன்பாட்டில் இப்படி நடப்பதில்லை. அங்கே உடையக்கூடிய இடங்கள் கெழுக்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன.

இனி பிற்பாதி. கெழுக்கள் மாறிலிகளாக இல்லாதபோது நிலைமை தலைகீழாகிறது. ஒய்″ = எக்ஸ்·ஒய் என்பதைவிட எளிதாகத் தோன்றும் சமன்பாட்டை எழுதுவது கடினம்; ஆயினும் சைன், மடக்கை, பல்லுறுப்புக்கோவை, அடுக்குக்குறிச் சார்பு ஆகியவற்றை எத்தனை விதமாகச் சேர்த்தாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. வானவில்லின் வில்லை ஒட்டிய ஒளிச்செறிவைக் கணக்கிட்ட ஆங்கிலேய வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1838இல் வெளியிட்ட ஆய்விலிருந்து இதன் தீர்வுகளுக்கு ஏரி சார்புகள் என்ற பெயர் வந்தது. சீரான மின்புலத்தில் இருக்கும் எலெக்ட்ரானின் குவாண்டம் சமன்பாடும் இதுவே.

முதலில் வாசித்துப் பாருங்கள். எக்ஸ் எதிர்மமாக இருக்கும்போது இது ஒய்″ = −(ஒரு நேர் எண்)·ஒய் என்ற அலைவுச் சமன்பாட்டைப் போன்றது; இடப்புறம் செல்லச் செல்ல அந்த எண் பெரிதாவதால் அலைவு நெருக்கமாகும். எக்ஸ் நேர்மமாக இருக்கும்போது வளர்ச்சி அல்லது தேய்வு. ஒரு வரிகூடக் கணக்கிடாமல் வளைவரையின் உருவம் கிடைத்துவிட்டது. பிறகு ஒய்யை எக்ஸின் அடுக்குகளாக எழுதி இருபுறமும் கெழுக்களை ஒப்பிட்டால், ஒவ்வொரு கெழுவும் மூன்று இடம் முன்னால் உள்ள கெழுவை மட்டுமே சார்ந்திருப்பதைக் காணலாம். 1 + எக்ஸ்³/6 + எக்ஸ்⁶/180 + … என்பது ஒரு தீர்வு. எக்ஸ் + எக்ஸ்⁴/12 + எக்ஸ்⁷/504 + … என்பது மற்றொன்று. பகுதிகள் மிக வேகமாக வளர்வதால் இவை எல்லா எக்ஸ் மதிப்புகளுக்கும் குவிகின்றன.

"இது உண்மையான விடையா, அல்லது விடை தெரியாததால் எழுதிய தோராயமா?" என்று மாணவர்கள் இந்த இடத்தில் கேட்பதுண்டு. சைனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒய்″ + ஒய் = 0 என்ற சமன்பாட்டை நிறைவுசெய்வதும், சுழியில் 0 என்ற மதிப்பும் 1 என்ற சாய்வும் கொண்டதுமான சார்பு என்று சைனை வரையறுத்துவிட்டால், அதன் தொடர், சுழற்சி, கூட்டல் சூத்திரங்கள் யாவும் அதிலிருந்தே கிடைக்கும். கணிப்பானில் சைனுக்குப் பொத்தான் இருக்கிறது, ஏரி சார்புக்கு இல்லை. இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு அவ்வளவுதான். மாறும் கெழு கொண்ட சமன்பாட்டுக்குத் தொடரே முழுமையான விடை.

அப்படியானால் அத்தொடர் எங்கே செல்லுபடியாகும் என்ற கேள்வி தவிர்க்க முடியாததாகிறது. 1/(1 + எக்ஸ்²) என்ற சார்பை வரைந்து பாருங்கள்: மெய்யெண் கோடு முழுவதும் வழவழப்பான மேடு, எங்கும் உடைசல் இல்லை. ஆனால் சுழியைச் சுற்றி அதன் தொடரான 1 − எக்ஸ்² + எக்ஸ்⁴ − எக்ஸ்⁶ + … என்பது எக்ஸ் 1ஐத் தாண்டியவுடன் பயனற்றுப்போகிறது. மெய்யெண் கோட்டில் மட்டும் நின்று பார்த்தால் 1இல் எந்தத் தடையும் இல்லை. தடை கலப்பெண் தளத்தில், இருபடி −1 ஆகும் இரண்டு புள்ளிகளில் இருக்கிறது. சுழியிலிருந்து அவற்றின் தொலைவு 1, ஆகவே தொடர் குவியும் தூரமான குவிவு ஆரமும் 1. நேரியல் சமன்பாட்டுக்கும் இதே விதி பொருந்துகிறது. இரண்டாம் வகைக்கெழுவின் கெழு 1 ஆகும்படி சமன்பாட்டை வகுத்துவிட்டு, மற்றக் கெழுக்கள் உடையும் புள்ளிகளைக் கலப்பெண் தளத்தில் குறியுங்கள். இவற்றைச் சிங்குலர் புள்ளிகள் என்கிறோம். நீங்கள் தொடரை எழுதும் மையத்திலிருந்து மிக அருகிலுள்ள சிங்குலர் புள்ளி வரையிலான தொலைவுக்குள் தொடர் குவிவது உறுதி. விகிதச் சோதனை செய்ய வேண்டியதில்லை, ஒரு கெழுவைக்கூடக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கலப்பெண்கள் மின்சுற்றுக் கணக்கை எளிதாக்க வந்த வசதி மட்டுமே என்று நினைக்கும் பொறியியல் மாணவர்கள் இந்த ஓர் எடுத்துக்காட்டோடு ஒரு மாலைப்பொழுதைச் செலவிடலாம்.

இந்த வாசிப்பு இயற்பியலில் எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்கு லெஜாண்டர் சமன்பாடு சான்று: (1 − எக்ஸ்²)·ஒய்″ − 2எக்ஸ்·ஒய்′ + கே·ஒய் = 0. கோளச் சமச்சீர் கொண்ட மின்புலம், ஈர்ப்புப் புலம், ஹைட்ரஜன் அணு ஆகிய மூன்றிலும் இது வருகிறது. எக்ஸ் என்பது வடமுனையிலிருந்து அளந்த கோணத்தின் கொசைன். சிங்குலர் புள்ளிகள் +1, −1. அதாவது கோளத்தின் இரண்டு முனைகள். சுழியைச் சுற்றிய தொடர் முனைகளுக்கு இடையே குவியும். ஆனால் கே என்ற மாறிலி எதுவாகவும் இருந்தால் தீர்வு ஏதாவதொரு முனையில் முடிவிலிக்குப் போய்விடுகிறது. புலம் இரண்டு முனைகளிலும் முடிவுறு மதிப்பு கொண்டிருக்க வேண்டும் என்று இயற்பியல் கோருகிறது. இந்தக் கோரிக்கை நிறைவேற ஒரே வழி, தொடர் நடுவில் அறுந்து பல்லுறுப்புக்கோவையாகிவிடுவது. கே = 0, 2, 6, 12, 20 போன்ற மதிப்புகளுக்கு மட்டுமே அது நடக்கிறது; எடுத்துக்காட்டாக, கே = 6 என்றால் 1 − 3எக்ஸ்² என்பதோடு தொடர் முடிந்துவிடுகிறது. குவாண்டம் இயக்கவியலில் கோண உந்தத்தின் இருபடிக்குக் கிடைக்கும் தொடர்ச்சியற்ற மதிப்புகள் இவையே. ஷ்ரோடிங்கர் 1926இல் எழுதிய சமன்பாட்டில் சீரிசை அலையியற்றியை இட்டாலும் இதே கதைதான்: தொடர் அறுந்தால் ஒழிய அலைச்சார்பு தொலைவில் கட்டுக்கடங்காமல் வளர்ந்துவிடுகிறது, அறுவதற்கு ஆற்றல் குறிப்பிட்ட சம இடைவெளிப் படிகளில் இருக்க வேண்டியிருக்கிறது. ஆற்றல் ஏன் படிப்படியாக வருகிறது என்ற கேள்விக்கு உங்கள் பாடத்தின் மொழியில் விடை ஒரு குவிவுச் செய்தியாக இருக்கிறது. இயற்பியல் மாணவர் தொடர்களைக் கடந்துவிட முடியாது என்று நான் சொன்னதற்குக் காரணம் இதுவே.

சிங்குலர் புள்ளியிலேயே தீர்வு வேண்டுமென்றால் சாதாரண அடுக்குத் தொடர் போதாது. இங்கே ஆய்லர்–கோஷி சமன்பாட்டைத்தான் வழிகாட்டியாகக் கொள்ள வேண்டும். அதைப் பலர் தேர்வுக்கான குட்டி உத்தி என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எக்ஸ்²·ஒய்″, எக்ஸ்·ஒய்′, ஒய் ஆகியவற்றை மாறிலிகளால் பெருக்கிக் கூட்டிய அந்தச் சமன்பாட்டின் தீர்வு எக்ஸின் ஏதோவோர் அடுக்கு. அது முழு எண்ணாக இருக்க வேண்டியதில்லை. எக்ஸை ஒரு புதிய மாறியின் அடுக்குக்குறிச் சார்பாக எழுதினால் இது அப்படியே மாறிலிக் கெழுச் சமன்பாடாகிவிடுகிறது. ஒழுங்கான சிங்குலர் புள்ளி என்பது, சமன்பாடு உடையும்போதும் அந்த இடத்துக்கு மிக அருகில் ஆய்லர்–கோஷி சமன்பாட்டைப் போலவே நடந்துகொள்ளும் புள்ளி. ஆகவே தீர்வு "ஓர் அடுக்கு பெருக்கல் ஓர் அடுக்குத் தொடர்" என்ற உருவில் இருக்கும் என்று எதிர்பார்க்கிறோம். 1873இல் ஃப்ரோபெனியஸ் வகுத்துத் தந்த முறை இதுவே. அடுக்கைத் தரும் இருபடிச் சமன்பாட்டின் இரண்டு மூலங்களும் ஒன்றாகிவிட்டால் இரண்டாம் தீர்வில் மடக்கை வருகிறது. முன்னர் நேரத்தால் பெருக்கிய உறுப்பு எப்படி வந்ததோ அப்படியே இதுவும் வருகிறது. மாறியை மாற்றி எழுதியதால் நேரம் இருந்த இடத்தில் எக்ஸின் மடக்கை நிற்கிறது. மூலங்களின் வேறுபாடு முழு எண்ணாக இருக்கும்போதும் மடக்கை வரக்கூடும். ஆனால் எப்போதும் வருவதில்லை என்பதால் அந்த வகைக் கணக்கில் மட்டும் கெழுக்களைப் பொறுமையாகக் கணக்கிட்டுத்தான் தீர வேண்டும்.

பெஸ்ஸல் சமன்பாடு இதற்குச் சிறந்த பயிற்சிக்களம். எக்ஸ்·ஒய்″ + ஒய்′ + எக்ஸ்·ஒய் = 0 என்ற சுழிவரிசை வடிவத்தில் மூலங்கள் இரண்டும் சுழி; ஆகவே ஒரு தீர்வு 1 − எக்ஸ்²/4 + எக்ஸ்⁴/64 − எக்ஸ்⁶/2304 + … என்ற நல்ல தொடர், மற்றதில் மடக்கை. வட்டச் சவ்வின் அதிர்வைக் கணக்கிடும்போது மையத்தில் சவ்வு முடிவிலிக்கு உயர முடியாது என்பதால் மடக்கை உள்ள தீர்வை விடுகிறோம். "எப்போதும் இரண்டாம் தீர்வை விட்டுவிடு" என்று இதை விதியாக மனப்பாடம் செய்தவர், நடுவில் துளையுள்ள வளையச் சவ்வு வினாவாக வரும்போது தடுமாறுகிறார். அங்கே மையமே கிடையாது, இரண்டு தீர்வுகளும் தேவை. மேலே உள்ள தொடர் முதன்முதலில் சுழியாகும் இடம் 2.4048, எக்ஸ்⁸/147456 என்ற அடுத்த உறுப்பையும் சேர்த்து ஐந்து உறுப்புகளைக் கூட்டினாலே அங்கே மதிப்பு 0.0005க்குக் கீழே வந்துவிடுகிறது, கையால் செய்துபார்க்கலாம். அடுத்த சுழி 5.5201. இவ்விரண்டின் விகிதம் 2.295, முழு எண் அன்று. சீரான வட்டச் சவ்வின் மேற்சுரங்கள் கம்பியின் மேற்சுரங்களைப் போல முழு எண் மடங்குகளாக அமையாததற்குக் காரணம் இதுவே.

குவிவுச் சோதனைகளைப் பொறுத்தவரை என் மதிப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். விகிதச் சோதனை, ஒப்பீட்டுச் சோதனை, தொகையீட்டுச் சோதனை, குறி மாறும் தொடருக்கான லைப்னிட்ஸ் சோதனை ஆகிய நான்கும் கைவசமாக வேண்டும். மற்றவற்றைத் தேர்வுக்காகப் படித்தால் போதும். இவற்றைவிட முக்கியமானது வேகம் பற்றிய உணர்வு. 1 + 1/2 + 1/3 + … என்ற தொடர் விரியும், அதாவது எல்லையின்றி வளரும் என்று 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் ஒரெம் காட்டினார். ஆனால் பத்து இலட்சம் உறுப்புகளைக் கூட்டியும் அது 14.4ஐக்கூட எட்டுவதில்லை, எண்களைப் பார்த்தால் குவிவதாகவே தோன்றும். மறுபுறம் 1 − 1/3 + 1/5 − 1/7 + … உண்மையிலேயே பையின் கால்பங்குக்குக் குவிகிறது. ஆயினும் ஆயிரம் உறுப்புகளுக்குப் பிறகும் பையின் மதிப்பில் ஏறத்தாழ 0.001 பிழை இருக்கும். 14ஆம் நூற்றாண்டின் கேரளக் கணிதவியலாளர் மாதவரின் மரபினர் இத்தொடரை அறிந்திருந்ததோடு, வெட்டிய இடத்தில் சேர்க்க வேண்டிய திருத்த உறுப்பையும் தந்திருந்தார்கள். தொடர் குவிகிறது என்பதும் தொடரால் கணக்கிட முடிகிறது என்பதும் வெவ்வேறு என்று அவர்கள் தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டும்.

ஒரு சார்பைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதும் ஃபூரியே தொடர் இப்பாடத்தின் மற்றொரு கிளை. வெப்பம் பரவும் சமன்பாட்டுக்காக 1807இல் பாரிசில் ஃபூரியே முன்வைத்த இக்கருத்து, மின்னணுப் பொறியியல் மாணவருக்கு அடுக்குத் தொடரைவிட அதிகம் பயன்படும். கெழுக்களைக் கண்டுபிடிக்கும் தொகையீடுகள் சலிப்பூட்டுபவை; அவற்றைப் பழகிவிட்டு, கெழுக்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதில் கவனம் செலுத்துங்கள். சார்பில் தாவல் இருந்தால் கெழுக்கள் 1, 1/3, 1/5 என்ற மெதுவான போக்கில் குறையும். தாவலின்றி முனை மட்டும் இருந்தால் 1, 1/9, 1/25 என்று குறையும். ஆகவே சதுர அலையையும் முக்கோண அலையையும் கெழுக்களைப் பார்த்தே பிரித்தறியலாம். தாவலுக்கு அருகில் எத்தனை உறுப்புகளைக் கூட்டினாலும் தாவலின் அளவில் ஏறத்தாழ 9 விழுக்காடு மேலெழும் முகடு ஒன்று மறைவதேயில்லை, இடம்தான் நெருங்கிவருகிறது. கிப்ஸ் விளைவு எனப்படும் இது கணக்கீட்டுப் பிழை அன்று. லாப்லாஸ் உருமாற்றம் பயனுள்ள கருவி, கற்பதற்கு எளிது. அதைப் பற்றி இங்கே மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

கணினி பற்றிய உங்கள் கேள்விக்கு ஒரு சோதனையையே விடையாகத் தருகிறேன். அடுக்குக்குறிச் சார்பின் தொடர் எல்லா எண்களுக்கும் குவியும் என்று விகிதச் சோதனை சொல்கிறது. அதில் எக்ஸ் = −20 என்று இட்டு, 16 இலக்கத் துல்லியமுள்ள சாதாரண இரட்டைத் துல்லிய எண்களால் உறுப்பு உறுப்பாகக் கூட்டிப் பாருங்கள். சரியான விடை ஏறத்தாழ 0.000000002. ஆனால் வழியில் வரும் மிகப் பெரிய உறுப்பு 4 கோடியைத் தாண்டுகிறது. அந்த அளவுள்ள எண்களை மாறி மாறிக் கூட்டிக் கழிக்கும்போது 16ஆம் இலக்கத்தில் சேரும் பிழையே விடையைவிடப் பெரிதாகிவிடுகிறது, சில நேரங்களில் விடை எதிர்மமாகக்கூட வரும். +20க்குக் கணக்கிட்டு அதன் தலைகீழியை எடுத்தால் இடர் முழுவதும் நீங்குகிறது. எண்முறை மென்பொருளும் சிங்குலர் புள்ளிக்கு அருகில் இதேபோல எச்சரிக்கையின்றித் தவறான எண்களைத் தரக்கூடும். தடுமாறப்போகிற இடத்தை முன்கூட்டிக் குறித்து வைக்க வேண்டியவர் அதைப் பயன்படுத்துபவர்தான்.

இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. எக்ஸ்²·ஒய்′ + ஒய் = எக்ஸ் என்ற சமன்பாட்டுக்குச் சுழியைச் சுற்றித் தொடர் எழுதினால் எக்ஸ் − எக்ஸ்² + 2எக்ஸ்³ − 6எக்ஸ்⁴ + 24எக்ஸ்⁵ − … என்று காரணீயப் பெருக்கங்கள் தொகுதியில் வந்துவிடுகின்றன; சுழியைத் தவிர எந்த மதிப்புக்கும் இது குவியாது. சமன்பாட்டை வாசித்திருந்தால் இது வியப்பாக இருந்திராது: ஒய்′இன் கெழு சுழியில் இருபடியாக மறைவதால் அது ஒழுங்கற்ற சிங்குலர் புள்ளி. ஆனால் எக்ஸ் = 0.1 என்று இட்டால் உறுப்புகள் பத்தாவது, பதினோராவது வரை சிறிதாகிக்கொண்டே போகின்றன. அங்கே நிறுத்தினால் கூட்டுத்தொகை 0.09155க்கும் 0.09158க்கும் இடையில் ஊசலாடுகிறது. சுழியில் மறையும் உண்மையான தீர்வின் மதிப்பு 0.09156. பிடிவாதமாகத் தொடர்ந்து கூட்டினால் 31ஆவது உறுப்பு மட்டுமே 26ஐத் தாண்டிவிடும். ஆய்லர் இத்தகைய தொடர்களைத் தயக்கமின்றிப் பயன்படுத்தினார். 1886இல் புவான்கரே இவற்றுக்கு அணுகுத் தொடர்கள் என்ற முறையில் உறுதியான அடித்தளம் தந்தார். பாய்ம இயக்கவியலிலும் குவாண்டம் புலக் கோட்பாட்டிலும் இவை அன்றாடக் கருவிகள். உங்கள் பாடத்திட்டத்தில் இது இல்லாமலிருக்கலாம். என்றாலும் "விரியும் தொடர் பயனற்றது" என்ற தீர்ப்போடு பாடத்தை முடித்துவிடாதீர்கள்.

படிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளும் உரிமை உங்களுக்கு இருந்தால் நான் பரிந்துரைப்பது இது. மாறிலிக் கெழுச் சமன்பாடுகளை முடித்தவுடன், குவிவுச் சோதனைகளுக்குப் போகாமல், ஏரி சமன்பாட்டைத் தொடரால் தீர்த்துவிடுங்கள். தேவை எழுந்த பிறகு சோதனைகளைப் படித்தால் அவை தாமாகவே பொருள்படும். அடுத்து ஆய்லர்–கோஷி, ஃப்ரோபெனியஸ், பெஸ்ஸல் என்று ஒரே மூச்சில் செல்லுங்கள். துல்லியச் சமன்பாடுகள், விதவிதமான தொகையீட்டுக் காரணிகள் முதலியவற்றை ஓரிரு நாள்களில் முடித்துவிடலாம். அவை தேர்வில் வரும், அதன்பின் அரிதாகவே வரும். ஒவ்வொரு நேரியல் சமன்பாட்டையும் தீர்க்கத் தொடங்கும் முன், அதன் சிங்குலர் புள்ளிகள், நீங்கள் தேர்ந்த மையம், குவிவு ஆரம், எல்லை நிலைமைகளால் விலக்கப்படும் தீர்வு ஆகியவற்றை இரண்டு வரிகளில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். முதற்பயிற்சிக்கு (எக்ஸ்² + 4)·ஒய்″ + எக்ஸ்·ஒய் = 0 என்பதை எடுத்துக்கொண்டு, மையத்தை 0இலும் பிறகு 3இலும் வைத்து, கெழுக்களைத் தேடாமலே இரண்டு தொடர்களும் குறைந்தது எவ்வளவு தூரம் குவியும் என்று சொல்லிப் பாருங்கள். முதலாவதற்கு 2, இரண்டாவதற்கு 13இன் வர்க்கமூலம், அதாவது ஏறத்தாழ 3.6 என்று வந்தால் சரி.